பழங்கட்டடங்களும் பொதுப்பணமும்

(மாணவர்களும் அரசு அலுவலர்களும் பங்கு கொண்ட கருத்தரங்கில் நிகழ்த்தப்பட்ட உரை)

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில், கடலை நோக்கியவாறு, 1870-71ஆம் ஆண்டுகளில் எழுப்பப்பட்ட நகராட்சிக் கட்டடம் ஒன்று இருந்தது. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் நகர நிர்வாகத்தின் இருப்பிடமாக விளங்கிய அதனை மக்கள் ‘மேரி’ கட்டடம் என்றே அழைத்து வந்தனர். 2014ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், அக்கட்டடம் இடிந்து வீழ்ந்தது. அதன் நிலை நலிந்திருந்ததைப் பல ஆண்டுகளாகவே ஊரார் அறிவர். அதனைச் சீர்செய்யும் யோசனைகளும் பேசப்பட்டு வந்தன. யோசனைகள் செயலாவதற்கு முன் மழை முந்திக்கொண்டது.

பின்னர் பணம் வந்தது. உலக வங்கியின் உதவியுடன் நடைபெற்ற கடலோரப் பேரிடர் அபாயக் குறைப்புத் திட்டத்தின் கீழ், அதே இடத்தில், பழைய தோற்றத்திலேயே புதிய கட்டடம் ஒன்று எழுப்பப்பட்டு 2021இல் திறந்து வைக்கப்பட்டது. நகரத்தின் முகம் மீண்டும் நிறைவு பெற்றது என்பதில் ஐயமில்லை. ஆனால் இன்று நிற்பது 1871ஆம் ஆண்டின் கட்டடம் அன்று. அதன் சாயல் மட்டுமே. காப்பதற்குக் கிடைக்காத பணம், இழந்த பின்னர் கட்டுவதற்குக் கிடைத்தது. பழங்கட்டடங்களுக்கென அரசு வழங்கும் மான்யத்தைப் பற்றிச் சிந்திப்போர் அனைவரும் இந்த ஒரு நிகழ்ச்சியை மனத்தில் இருத்துதல் நலம். நம் நாட்டில் சிக்கல் பணம் இல்லாமை மட்டுமன்று. பணம் எப்போது வருகிறது, யாருக்கு வருகிறது, எந்த நிபந்தனையோடு வருகிறது என்பதே பெரிய சிக்கலாகும்.

சட்டம் வகுத்த எல்லைகள்

பழங்கட்டடங்களைக் காப்பது அரசின் கடமைகளுள் ஒன்று என்ற கருத்து இந்தியாவில் புதிதன்று. தொன்மைச் சிறப்பும் கட்டடக்கலைச் சிறப்பும் வாய்ந்த கட்டடங்களுக்கு ஊறு நேராமல் தடுக்கும் அதிகாரத்தை அரசுக்கு அளித்த சட்டம் 1863ஆம் ஆண்டிலேயே பிறந்தது. கர்சன் பிரபு வைசிராயாக இருந்த காலத்தில், 1904இல், தொன்மைச் சின்னங்கள் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. சுதந்திரத்திற்குப் பின் 1958ஆம் ஆண்டின் சட்டம் அதன் இடத்தைப் பெற்றது. தேசிய முக்கியத்துவம் வாய்ந்த சின்னங்களைக் காப்பது அரசின் கடமை என்று அரசியல் சாசனத்தின் 49ஆவது பிரிவு கூறுகிறது. நாட்டின் கலப்புப் பண்பாட்டின் வளமான மரபைப் பேணுவது ஒவ்வொரு குடிமகனின் கடமை என்று 51அ பிரிவு சேர்த்துக் கூறுகிறது.

இப்பொறுப்பு மத்திய அரசுக்கும் மாநிலங்களுக்கும் இடையே பங்கிடப்பட்டுள்ளது. தேசிய முக்கியத்துவம் பெற்றவை எனப் பாராளுமன்றம் செய்த சட்டத்தின்படி அறிவிக்கப்பட்ட சின்னங்களை இந்தியத் தொல்பொருள் ஆய்வுத் துறை பேணுகிறது. இவற்றின் எண்ணிக்கை சுமார் 3,700. மாநிலப் பட்டியலில் சேர்ந்த சின்னங்களை மாநிலத் தொல்பொருள் துறைகள் கவனிக்கின்றன. இவ்விரண்டிலும் சேராத மூன்றாவது வகை ஒன்று உண்டு. பழைய பள்ளிக்கூடங்கள், அங்காடிகள், நீதிமன்றங்கள், சத்திரங்கள், தனியார் வீடுகள், தெரு வரிசைகள் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. எண்ணிக்கையில் இவையே மிகப் பெரும்பான்மை. ஓர் ஊரின் தோற்றத்தையும் தனித் தன்மையையும் உருவாக்குபவையும் இவையே. ஆனால் பொதுப்பணம் மிகக் குறைவாகச் சென்று சேர்வதும் இவற்றுக்கே. புதுச்சேரியின் ‘மேரி’ கட்டடம் இந்த மூன்றாவது வகையைச் சேர்ந்தது.

பணம் வந்த வழிகள்

பழங்கட்டடங்களுக்குப் பொதுப்பணம் பல வழிகளில் வந்துள்ளது. முதல் வழி, தொல்பொருள் ஆய்வுத் துறைக்கு ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டத்தில் ஒதுக்கப்படும் தொகை. இது துறையின் சொந்தப் பொறுப்பிலுள்ள சின்னங்களுக்கே உரியது. இரண்டாவது வழி, நிதிக் கமிஷன்களின் பரிந்துரை. 2005 முதல் 2010 வரையிலான ஐந்தாண்டுகளுக்கு, மாநிலங்கள் தங்கள் பாரம்பரியச் செல்வங்களைப் பேணுவதற்கென ரூ. 625 கோடியைப் பன்னிரண்டாவது நிதிக் கமிஷன் பரிந்துரைத்தது. வழக்கமான வருவாய்ப் பகிர்வுக்கு அப்பால், பண்பாட்டுக் கடமைக்கெனத் தனித் தொகை ஒதுக்கப்பட்டது அதன் சிறப்பு.

மூன்றாவது வழி நகரங்களை நோக்கி வந்தது. 2015 ஜனவரியில் தொடங்கப்பட்ட ‘ஹிருதய்’ என்னும் திட்டம் 12 நகரங்களைத் தேர்ந்தெடுத்தது. வாரணாசி, அமிர்தசரஸ், அஜ்மீர், பூரி, மதுரா, கயை, துவாரகை, வாராங்கல், பாதாமி, அமராவதி ஆகியவற்றோடு காஞ்சிபுரமும் வேளாங்கண்ணியும் அவற்றுள் இடம் பெற்றன. ரூ. 500 கோடி மதிப்புள்ள இத்திட்டத்தின் செலவு முழுவதையும் மத்திய அரசே ஏற்றது. 2019 மார்ச் இறுதியில் அது நிறைவுற்றது. நினைவுச் சின்னங்களைச் சூழ்ந்துள்ள சாலை, விளக்கு, குடிநீர், கழிவுநீர் வசதி ஆகியவற்றையும் பாரம்பரியத்தின் பகுதியாகக் கருதியது அதன் நற்பண்பு. நான்காண்டுகளில் முடிந்த திட்டம் அமைத்துத் தந்தவற்றை ஐந்தாம் ஆண்டிலிருந்து எவர் பணத்தில் பேணுவது என்னும் கேள்வி அந்தந்த நகராட்சியின் தோளில் இறங்கியது.

நான்காவது வழி, 1996இல் அமைக்கப்பட்ட தேசியப் பண்பாட்டு நிதி. அரசு அளித்த ரூ. 19.5 கோடி மூலதனத்துடன், தனியாரும் நிறுவனங்களும் அளிக்கும் நன்கொடையைப் பெற்றுக் குறிப்பிட்ட சின்னத்துக்கே செலவிடும் அமைப்பு இது. நன்கொடைக்கு வருமான வரிச் சலுகை உண்டு. வரிச் சலுகை என்பது மறைமுகமான மான்யமே என்பதை மாணவர்கள் கருத்திற் கொள்ள வேண்டும். அரசு கைவிட்டுப் பெறாத வரியும் பொதுப்பணமே.

கணக்கு காட்டும் உண்மை

இத்தனை வழிகள் இருந்தும் நிலைமை எவ்வாறு உள்ளது? 2013ஆம் ஆண்டில் வெளியான தலைமைக் கணக்குத் தணிக்கையரின் அறிக்கை இதற்கு விடை அளித்தது. நேரில் சென்று ஆய்வு செய்யப்பட்ட 1,655 சின்னங்களுள் 92 சின்னங்களைக் காணவில்லை. பின்னர்த் தொல்பொருள் ஆய்வுத் துறை தேடியதில் 42 சின்னங்கள் இருக்குமிடம் தெரிய வந்தது. எஞ்சிய 50இல் 14 நகர வளர்ச்சியில் மறைந்தன. 12 நீர்த்தேக்கங்களில் மூழ்கின. 24 இருந்த இடமே புலப்படவில்லை. 2022இல் பாராளுமன்றக் குழு முன் வைக்கப்பட்ட விவரம் இது. நாடு முழுவதிலும் 248 சின்னங்களில் மட்டுமே காவலர்கள் இருந்தனர் என்பதும் அப்போது தெரிய வந்தது. 2024இல் 18 சின்னங்களைப் பட்டியலிலிருந்து நீக்கத் துறை முடிவு செய்தது.

சட்டத்தின் முழுப் பாதுகாப்பையும் பெற்றிருந்த சின்னங்களின் கதை இது. அவை பணக்குறைவால் மட்டும் மறைந்தவை அல்ல. ஆண்டுக்கு ஒரு முறையேனும் ஒருவர் நேரில் சென்று பார்த்து எழுதி வைத்திருந்தால், அவற்றுள் பல மறைவதற்கு முன்பே செய்தி கிட்டியிருக்கும். பார்வையிடுவதற்கு ஆகும் செலவு மிகச் சிறியது. அச்சிறு செலவு தொடர்ந்து நடைபெறாததன் விளைவு மிகப் பெரியது.

கட்டடம் எவ்வாறு மடிகிறது?

பழங்கட்டடத்தின் முதற் பகை நீர். மாடியில் நீர் வடியும் துளை அடைபடுகிறது. தேங்கிய நீர் காரையில் இறங்குகிறது. ஈரம் கண்ட சுவரில் பறவை இட்ட எச்சத்திலிருந்து ஓர் அரசங்கன்று முளைக்கிறது. முதலாண்டில் அக்கன்றைக் கையால் பிடுங்கி எறிந்துவிடலாம். அடைப்பை ஒரு கூலியாள் அரை நாளில் நீக்கி விடலாம். ஐந்தாண்டுகள் சென்றால் வேர் சுவரைப் பிளக்கிறது. உத்தரத்தின் முனை உளுத்துப் போகிறது. பத்தாண்டுகள் சென்றால் பொறியாளர் வந்து, கட்டடம் அபாயமானது என்று எழுதி வைக்கிறார். அரை நாள் கூலியில் முடிந்திருக்க வேண்டிய வேலை, பெரும் திட்ட அறிக்கையாக உருவெடுப்பது இவ்வாறே.

நெதர்லாந்து நாடு இவ்வுண்மையை நன்குணர்ந்தது. அங்கு 1973இல் நினைவுச் சின்னக் கண்காணிப்பு அமைப்பு ஒன்று தொடங்கப்பட்டது. பயிற்சி பெற்ற ஆய்வாளர்கள் கருவிகளுடன் கட்டடந்தோறும் சென்று, கூரையிலும் நீர்த் தாரையிலும் ஏறிப் பார்த்து, சிறு பழுதுகளை அங்கேயே சரி செய்து, எஞ்சியவற்றை அறிக்கையாக உரிமையாளருக்கு அளிக்கின்றனர். பொதுப்பணத்தின் ஆதரவு பெற்ற இந்த ஏற்பாடு அண்டை நாடுகளுக்கும் பரவியது. பெருஞ்செலவைத் தவிர்ப்பதற்கென்றே சிறு செலவு செய்வது இதன் தத்துவம்.

பணம் வந்தால் மட்டும் போதுமா என்றால், போதாது. தவறான வேலைக்குச் செலவிட்ட பணம் கட்டடத்திற்குக் கேடே விளைவிக்கும். தில்லியிலுள்ள ஹுமாயூன் கல்லறை இதற்குச் சான்று. இருபதாம் நூற்றாண்டில், நல்லெண்ணத்துடனேயே, அதன் கூரை மீது அடுக்கடுக்காகச் சிமெண்டுக் கலவை போடப்பட்டது. சுண்ணாம்புக் காரையால் ஆன பழங்கட்டடம் ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும் இயல்புடையது. சிமெண்டு அந்த ஈரத்தைச் சிறைப்படுத்துகிறது. ஆகா கான் பண்பாட்டு அறக்கட்டளை, தொல்பொருள் ஆய்வுத் துறையுடனும் டாட்டா அறக்கட்டளையுடனும் சேர்ந்து மேற்கொண்டு 2013இல் நிறைவு செய்த பணியில், அக்கூரையிலிருந்து கையாலேயே அகற்றப்பட்ட கலவை ஏறத்தாழ 10 லட்சம் கிலோகிராம். ஒரு தலைமுறை செலவு செய்து ஏற்றிய பாரத்தை மற்றொரு தலைமுறை செலவு செய்து இறக்க வேண்டியதாயிற்று. அப்பணியில் கல்தச்சரும் காரை வேலை வல்லாரும் மீண்டும் தத்தம் தொழிலில் அமர்ந்தனர். அருகிலுள்ள நிஜாமுதீன் பகுதி இளைஞர்கள் ஓடு செய்யும் கலையில் பயிற்சி பெற்றனர். மான்யம் கட்டடத்தோடு கைத்திறனையும் காக்க வல்லது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

நிதியாண்டும் பருவமழையும்

அலுவலர்கள் சிந்திக்க வேண்டிய செய்தி இனி வருகிறது. அரசின் பணம் ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடியும் ஆண்டுக்கு உட்பட்டது. நிர்வாக ஒப்புதல், மதிப்பீடு, டெண்டர், முதல் தவணை என்று படிகள் பல. புதுச்சேரி போன்ற கிழக்குக் கடற்கரை ஊரில், ஏப்ரலில் தொடங்கிய கோப்பு செப்டம்பரில் கையொப்பம் பெறுமானால், பணம் வரும் வேளையில் அக்டோபர் மழையும் வந்து விடுகிறது. கூரையைத் திறந்து வேலை செய்ய இயலாது. மழை ஓய்ந்து ஜனவரியில் தொடங்கினால், மார்ச் இறுதிக்குள் செலவு செய்தாக வேண்டும் என்ற நெருக்கடி எழுகிறது.

சுண்ணாம்புக்கு அந்நெருக்கடி புரியாது. சுண்ணாம்பை நீற்றி ஊற வைப்பதற்கும், மணலும் சேர்மானங்களும் கலந்து அரைப்பதற்கும், பூசிய காரை படிப்படியாக இறுகுவதற்கும் வாரக்கணக்கில் காலம் வேண்டும். ஒரே நாளில் இறுகும் சிமெண்டு, கணக்கை முடிக்க வசதியானது; ஆகவே ஒப்பந்தக்காரர் அதையே நாடுகிறார். கடைசி மாதங்களில் செலவு குவிவது நிதி ஒழுங்குக்கு முரண் என்று பொது நிதி விதிகள் கூறுகின்றன. கடைசி மூன்று மாதங்களின் செலவுக்கும் மார்ச் மாதச் செலவுக்கும் தனித்தனி வரம்புகளை மத்திய நிதி அமைச்சகம் விதித்ததும் உண்டு. விதியின் நோக்கம் நன்று. எனினும் விதி மட்டும் பருவத்தை மாற்றி விடாது. ஒப்புதலின் காலத்தை மாற்றினாலன்றிப் பயன் விளையாது.

மிகக் குறைந்த விலை கேட்டவருக்கே வேலை என்னும் டெண்டர் முறையும் இத்துறைக்கு முற்றிலும் பொருந்துவதன்று. தேக்குச் சட்டத்தில் இணைப்பு வேலை தெரிந்த தச்சரும், தெரியாத தச்சரும் ஒரே விலைப் பட்டியலில் ஒன்றாகவே தோன்றுவர். வேறுபாடு கட்டடத்தில் தெரியும். தெரியும்போது காலம் கடந்திருக்கும்.

தனியார் வீடும் பொது நலனும்

தனியாருக்குச் சொந்தமான கட்டடத்துக்குப் பொதுப்பணம் அளிப்பது முறையா என்ற கேள்வி எழுவது இயல்பு. பள்ளிக்குக் கூரையில்லாத ஊர்கள் இருக்கும் நாட்டில் பழைய சுவர்களுக்கு மான்யம் எதற்கு என்று கேட்போரும் உண்டு. இக்கேள்விகள் நேர்மையானவை, ஒதுக்கத் தக்கவை அல்ல. ஆனால் சட்டம் உரிமையாளர் மீது சுமத்தும் பொறுப்பையும் உடன் நோக்க வேண்டும். 2010ஆம் ஆண்டின் திருத்தத்தின்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதுக்கட்டடம் எழுப்பத் தடையுண்டு. அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை கட்டுப்பாடு உண்டு. நகரங்களின் பாரம்பரிய விதிகள், பட்டியலில் உள்ள வீட்டை இடிக்கவோ மாற்றவோ தடை விதிக்கின்றன. பம்பாய் மாநகரில் இத்தகைய விதிகள் 1995இல் நடைமுறைக்கு வந்தன. இடிக்காதே என்று ஆணையிடும் சமூகம், நிற்க வைப்பதற்கு ஒரு பங்கேனும் ஏற்பதே நியாயம். கட்டுப்பாடு மட்டும் இருந்து உதவி இல்லாவிடில், உரிமையாளர் இடிப்பதில்லை. கட்டடம் தானே விழும்வரை காத்திருக்கிறார்.

வாடகைக் கட்டுப்பாட்டின் வரலாறும் இதையே உணர்த்துகிறது. பம்பாயில் 1947ஆம் ஆண்டுச் சட்டத்தால் வாடகை உறைந்து போனது. பழுது பார்க்கும் செலவை வாடகையிலிருந்து ஈடுகட்ட இயலாத உரிமையாளர்கள் கட்டடங்களைக் கைவிட்டனர். ஆகவே 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி, பழுதுபார்ப்பு வரி வசூலித்து, அரசும் பங்களித்து, வாரியம் ஒன்றின் மூலம் ஏறத்தாழ 19,600 தனியார் கட்டடங்களைப் பழுது பார்க்க ஏற்பாடாயிற்று. உயிர்ச்சேதத்தைத் தடுப்பதே அதன் நோக்கம், பாரம்பரியம் அன்று. எனினும் தனியார் கட்டடத்தைப் பொது நிதி கொண்டு பழுது பார்ப்பது நம் நாட்டுக்குப் புதிதன்று என்பது தெளிவு.

பிற நாடுகள் நிபந்தனையுடன் கூடிய மான்யத்தைக் கையாண்டன. பிரிட்டனில் 1953ஆம் ஆண்டுச் சட்டம், சிறந்த வரலாற்றுக் கட்டடங்களின் பழுதுபார்ப்புக்கு உரிமையாளருக்கே மான்யம் வழங்க வழி செய்தது. மான்யம் பெற்றவர் பொதுமக்கள் வந்து காண்பதற்கு இடமளிக்க வேண்டும் என்ற நிபந்தனை உடன் சென்றது. நம் 1958ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இதற்கு வித்து உண்டு. பாதுகாக்கப்பட்ட சின்னத்தின் உரிமையாளருடன் அரசு உடன்படிக்கை செய்து கொள்ளலாம் என்றும், பராமரிப்பு, பொதுமக்கள் பார்வை, மாற்றம் செய்யாமை, பராமரிப்புச் செலவு ஆகியவற்றை அதில் குறிக்கலாம் என்றும் ஆறாவது பிரிவு கூறுகிறது. அவ்வித்து பாதுகாக்கப்பட்ட சின்னங்களின் வேலிக்கு வெளியிலும் முளைக்க வேண்டும்.

அவ்வாறு முளைத்த இடம் ஒன்றும் புதுச்சேரியிலேயே உண்டு. ஐரோப்பியக் கூட்டமைப்பின் நிதியுதவியுடன், இத்தாலியின் உர்பினோ, பிரான்சின் வில்நெவ்-சுர்-லோ ஆகிய நகரங்களின் கூட்டுறவில், 2002 முதல் 2004 வரை ஒரு திட்டம் நடைபெற்றது. ‘இன்டாக்’ அமைப்பு அதில் துணை நின்றது. தமிழர் பகுதியிலுள்ள வைசியாள் வீதியில், திண்ணையும் தாழ்வாரமும் கொண்ட பல வீடுகளின் முகப்புகள் சீர் செய்யப்பட்டன. ஒரு மாளிகையைப் பெருஞ்செலவில் புதுக்குவதை விட, ஒரு தெருவின் பல வீடுகளுக்குச் சிறு தொகைகள் அளிப்பது ஊரின் தோற்றத்தை மீட்கும் என்பதை அவ்வீதி காட்டியது. செலவின் ஒரு பகுதியை உரிமையாளர் ஏற்கும் இணை மான்ய முறையும் இந்நகரில் முயலப்பட்டதாகும். சொந்தப் பணம் போட்டவர், வேலை எவ்வாறு நடக்கிறது என்று நாள்தோறும் பார்க்கிறார். அதைவிடச் சிறந்த மேற்பார்வை இல்லை. 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் விருது அவ்வீதிக்குக் கிடைத்தது.

2017இல் இந்தியாவின் முதல் உலகப் பாரம்பரிய நகரமாக அறிவிக்கப்பட்ட ஆமதாபாத் மற்றொரு வழியைக் கையாள்கிறது. பட்டியலில் உள்ள பழைய வீட்டின் மீது எழுப்ப இயலாத கட்டட உரிமையை நகரின் வேறு பகுதிக்கு விற்று, அப்பணத்தால் வீட்டைச் சீர்செய்ய அங்கு விதி இடம் தருகிறது. கருவூலத்திலிருந்து நேராகப் பணம் செல்லாத மான்யம் இது.

நல்ல மான்யத்தின் இலக்கணம்

இவற்றிலிருந்து பெறப்படும் முடிவுகள் சில. முதலாவதாக, மான்யத்துக்கு முன் ஆய்வு வர வேண்டும். பட்டியலில் உள்ள ஒவ்வொரு கட்டடத்தையும் மழைக்கு முன்னும் பின்னும் பார்த்து எழுதும் நகரப் பணியாளர் ஒருவர், பெரும் திட்டத்தை விட அதிகம் காப்பார். இரண்டாவதாக, ஒதுக்கீட்டின் ஒரு பகுதி கூரை, நீர்த்தாரை, வடிகால் ஆகியவற்றின் சிறு பழுதுகளுக்கெனத் தனியே வைக்கப்பட்டு, நீண்ட கோப்பு நடையின்றி வழங்கப்பட வேண்டும். மூன்றாவதாக, ஒப்புதல்கள் அந்தந்த வட்டாரத்தின் பருவத்துக்கு ஏற்ப அமைய வேண்டும். நான்காவதாக, தனியாருக்கு அளிக்கும் தொகை இணை மான்யமாக, எழுத்து மூலமான உடன்படிக்கையுடன் செல்ல வேண்டும். குறித்த காலத்துக்குள் விற்றாலோ இடித்தாலோ தொகை திரும்பப் பெறப்பட வேண்டும். ஐந்தாவதாக, கைவினைஞரின் தகுதி விலைக்கு முன் பார்க்கப்பட வேண்டும். இறுதியாக, எந்தக் கட்டடத்துக்கு எவ்வளவு, எந்த வேலைக்கு என்பது அவ்வூர் மக்கள் காணும்படி அறிவிக்கப்பட வேண்டும்.

பள்ளிக்கூரைக்கும் பழங்கட்டடத்துக்கும் இடையே ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதும் எப்போதும் உண்மையன்று. நாட்டின் பழங்கட்டடங்களுள் பல இன்றும் பள்ளிகளாக, மருத்துவமனைகளாக, அலுவலகங்களாகப் பயன்பட்டு வருகின்றன. இருப்பதைச் செப்பனிடும் வேலையில் பொருளுக்காகும் செலவை விடக் கூலிக்காகும் பங்கு பெரிது. அது உள்ளூர்த் தொழிலாளியின் கையில் சேர்கிறது.

புதுச்சேரிக் கடற்கரையில் இன்று நிற்கும் கட்டடம் அழகியது. அதற்கும் வயது ஏறும். அதன் மாடியிலும் இலைச்சருகு நீர்த்துளையை அடைக்கும். ஒவ்வோர் ஆண்டும் அக்டோபருக்கு முன் ஒருவர் மாடியேறி அச்சருகை அகற்றுவதற்கு ஒரு சிறு தொகை, தவறாமல், உரிய காலத்தில் ஒதுக்கப்படுமானால், பழைய கட்டடத்தின் வீழ்ச்சியிலிருந்து நாடு பாடம் கற்றது எனலாம்.